அவசரப்பட்டு ராஜினாமா வேண்டாம்!

மறதி நோய் முதுமையில்தான் வரும் என்று நினைக்கிறோம். அல்ஸைமர் நோய் சிலருக்கு 65 வயதுக்கு முன்பே, உத்தியோகத்தில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. "அவருக்கு 52 வயசுதான், அரசாங்க வேலை. ஃபைலை எங்கே வச்சோம்னே தெரியலை. 'எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இருக்கட்டும்'கிறார் மச்சினர். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகணுமே!" என்று ஒரு சகோதரி என்னிடம் கலங்கினார்.

எழுதிக் கொடுக்கவே கூடாது என்றேன். முதலில் நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பணிக்காலத்தில் இயலாமை வந்தவரை அரசு நிறுவனங்கள் நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். ராஜினாமா கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும்.

தனியார் கம்பெனியா? வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனால், பிராவிடண்ட் ஃபண்ட் பென்ஷன் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா இருந்தாலே மாதப் பென்ஷனுக்கு இடமுண்டு.

அவர் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பாங்க் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வெட்கப்பட்டு மூடி வைத்தால் நஷ்டம் நமக்குத்தான், சகோதரிகளே!