நட்டும் போல்ட்டும் - 9: காலிப்பர் வாயைப் பிளந்தால்...



போன தடவை செயின் பத்தி எழுதினப்பவே அடுத்தது பிரேக்னு சொல்லியிருந்தேன். நடுவுல அசைன்மென்ட் வந்து உசிரை வாங்கினதால மூணு வாரம் லேட். இந்த வாரம் சாதா பிரேக் இல்லை. ட்ரையல்ஸ் சைக்கிளோட டிஸ்க் பிரேக், அதுலயும் காலிப்பர் வளையுற சமாச்சாரம் மட்டும். ஆர்வம் இல்லாதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

ட்ரையல்ஸ்னா ரேஸ் கிடையாது. பாறை, சுவர், மரக்கட்டை, படிக்கட்டு இதுமேல எல்லாம் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளோடு தாவி ஏறி இறங்குவதுதான் விளையாட்டு. போட்டி சைக்கிள்களில் பெரும்பாலும் சீட்டே இருக்காது. ஸ்பெயினில் கேட்டலோனியா பக்கம் வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸில் இருந்து மோட்டாரைக் கழட்டிட்டதால அங்கே இதுக்கு 'ட்ரையல்சின்'னு பேரு. 'சின்'னா 'இல்லாமல்'. 1986ல் இருந்து யூசிஐ உலக சாம்பியன்ஷிப் நடத்துது. நம்மில் பலருக்கு இது தெரிய வந்தது 2009 ஏப்ரலில் வந்த டேனி மெக்கஸ்கில் வீடியோவால்தான். எடின்பரோவில் கூர்மையான இரும்பு வேலிக்கு மேல சைக்கிள் ஓட்டினாரே, அவரேதான்.

லண்டனில் சவுத்பேங்க் போனால் குயீன் எலிசபெத் ஹாலுக்கு அடியில் ஸ்கேட்போர்டு பசங்க 1970கள்ல இருந்து குடியிருக்கிற இடம் ஒண்ணு உண்டு. 2013ல் அவங்களை வேற இடத்துக்கு மாத்தப் பார்த்தாங்க. பசங்க விடாமல் போராடி 2014ல் இடத்தைத் தக்கவச்சுக்கிட்டாங்க. அந்த வட்டாரம் முழுக்க காங்கிரீட் சுவரும் படியும்தான். எனக்குத் தெரிஞ்ச ஈஸ்ட்ஹாம் தம்பி ஒருத்தன் செக்யூரிட்டி விரட்டுற வரைக்கும் அங்கேதான் பழகுவான். அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்னு தெரிஞ்சு ஒரு நாள் கேட்டான்: "அண்ணை, பிரேக்கை இறுக்கிப் பிடிச்சாலும் பின் சில்லு கொஞ்சம் ஆடுது. நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டா சரி வருமோ?"

(நமக்கு சில்லுன்னா தேங்காய்ச் சில்லு. அவங்களுக்கு சக்கரம். புரியவே எனக்கு அரை நிமிஷம் ஆச்சு.)

கேள்வி சின்னதுதான், ஆனா அவனுக்கு விஷயம் பெருசு. சனி ஞாயிறு கடையில பெட்டி தூக்கிச் சேர்த்த காசு கிட்டத்தட்ட 200 பவுண்டு கையில இருக்கு. இடுப்பு உயர சுவர் விளிம்புல பின் சக்கரத்தில் நிக்கிறப்ப அந்த ஆட்டம் வந்தா வயித்தைக் கலக்குதாம். அவங்க அப்பாவோ சைக்கிளையே வித்துடச் சொல்றார்.

மொதல்ல ஒண்ணு. மலையில வேகமா இறங்குற சைக்கிளுக்கு பிரேக்கோட எதிரி சூடு. பெரிய டிஸ்க், சூட்டைக் கடத்தும் பேட், நாலு பிஸ்டன் எல்லாம் நல்லா உதவுறது அங்கேதான். ட்ரையல்ஸில் டிஸ்க் சுத்துறதே அபூர்வம். பூட்டிக்கிட்டு நிக்கணும், விட்டா உடனே விடணும், மறுபடி பூட்டணும். அது வேகத்தைக் குறைக்கிற கருவி இல்லை, தச்சர் பட்டறையில பலகையைப் பிடிக்கிற கிளாம்ப் மாதிரி. கிளாம்ப் எவ்வளவு வளையுதுங்கிறதுதான் இங்கே கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம் (பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்). ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ. தரையில் சக்கரத்தைச் சுத்தப் பார்க்கிற விசையும் அவ்வளவுன்னு வச்சுக்குவோம். 26 இஞ்ச் வீல் தடி டயரோடு சேர்த்து அரைவிட்டம் 34 செ.மீ. 160 மி.மீ. டிஸ்க்கில் பேட் கடிக்கிற இடம் நடுவில் இருந்து சுமார் 7 செ.மீ. அப்போ டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய விசை 80 x 34 / 7, அதாவது 388 கிலோ. உராய்வுக் கெழு 0.4ன்னா, ரெண்டு பக்கமும் பேட் இருக்கிறதால ஒவ்வொரு பேடும் 485 கிலோ விசையோட அழுத்தணும். குதிச்சு இறங்கும்போது இன்னும் மேல போகும்.

அந்த அரை டன் டிஸ்க்கை மட்டும் அமுக்கலை, காலிப்பரோட ரெண்டு கன்னத்தையும் வெளியே தள்ளுது. காலிப்பர் தலைகீழா கவுத்த 'ப' எழுத்து மாதிரி, டிஸ்க் விளிம்புக்கு மேல ஒரு பாலம், கீழே திறந்த வாய். பாலம் வளைஞ்சா வாய் பிளக்கும். பேட் சாய்ந்து, பாலத்துப் பக்கம் மட்டும் அதிகமா கடிக்கும். பழைய பேடைக் கழட்டிப் பாருங்க. மேல் விளிம்பு தேய்ஞ்சு கீழ் விளிம்பு தடிமனா இருந்தா, வாய் பிளக்கிறதுக்கு அது ஒரு அடையாளம். இன்னொரு அடையாளம், லீவர் கைப்பிடி வரைக்கும் பஞ்சு மாதிரி வரும். ஆனா ட்யூபில் காத்து இருந்தாலும் அப்படித்தான் வரும், அதனால மொதல்ல ப்ளீட் பண்ணிப் பார்த்துடணும்.

பாலத்தோட விறைப்பு தடிமனோட கனமடங்கில் ஏறும். 8 மி.மீ.யை 10 ஆக்கினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பிஸ்டனை நாலாக்கிட்டு பாலத்தை ஒல்லியா விட்டா என்ன பிரயோஜனம்? லங்காஷயரில் பார்னால்ட்ஸ்விக் ஊர்ல, ரோல்ஸ்ராய்ஸில் வேலை பார்த்த ரெண்டு எஞ்சினியர்கள் 1989ல் ஆரம்பிச்ச ஹோப் கம்பெனி, ஒரே அலுமினியக் கட்டியைக் குடைஞ்சு காலிப்பர் செய்யறதுக்குப் பேர் போனது. ட்ரையல்ஸுக்குன்னே தனி பிரேக்கும் போட்டாங்க. அதுக்காக 'ஒரே கட்டி'ங்கிறதை மந்திரம் மாதிரி ஜெபிக்க வேண்டியதில்லை. ரெண்டு பாதியை எஃகு போல்ட்டால் இணைக்கிற காலிப்பரும் நல்லா வடிவமைச்சா விறைப்பா நிக்கும். எஃகு அலுமினியத்தைப் போல மூணு மடங்கு விறைப்பு ஆச்சே.

இது சைக்கிள்காரங்களோட கிறுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எஃப்ஒன்ல பெரிலியம் கலந்த உலோகத்துல காலிப்பர் செய்ய ஆரம்பிச்சு செலவு எகிறினதும், 1998ல் விதியே போட்டாங்க: காலிப்பர் அலுமினியத்தில்தான் இருக்கணும், அதோட எலாஸ்டிக் மாடுலஸ் 80 கிகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது. காசு உள்ளவன் விறைப்பை விலைக்கு வாங்கிடுவான்னு பயம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வர்றேன். "பிடிச்சாலும் ஆடுது"ன்னான் இல்லையா, கவனிங்க, அது வாய் பிளக்கிற அறிகுறியே இல்லை. வாய் பிளந்தா பிடி குறையும், லீவர் பஞ்சாகும். சக்கரம் முன்னும் பின்னும் 'டக் டக்'னு ஆடுதுன்னா, காலிப்பரோ பேடோ டிஸ்க்கோடு சேர்ந்து நகருதுன்னு அர்த்தம். ட்ரையல்ஸில் விசை ஒரு பக்கமா மட்டும் வராது. பின் சக்கரத்தில் நின்னு பேலன்ஸ் பண்றப்ப ஒரு நொடி முன்னாடி, அடுத்த நொடி பின்னாடி. சாலையில ஓட்டுறவன் வாழ்நாள் முழுக்க கவனிக்காத இடைவெளி இங்கே ஒவ்வொரு துள்ளலுக்கும் தெரியும். பேட் கடிக்கிற இடத்தில் 0.5 மி.மீ. நகர்ந்தாலே டயரில் அது 2.4 மி.மீ. அதே 34க்கு 7 கணக்குதான்.

கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒருத்தர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டணும். இன்னொருத்தர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வச்சுப் பார்க்கணும்: பேடுக்கும் காலிப்பருக்கும் நடுவில், காலிப்பருக்கும் அடாப்டருக்கும், அடாப்டருக்கும் ஃபிரேமுக்கும், டிஸ்க்குக்கும் ஹப்புக்கும். விரல் ரெண்டு பக்கத்தையும் தொட்டா பத்தில் ஒரு மி.மீ. நகர்ந்தாலே தெரியும். நாங்க போனில் ஸ்லோமோஷனும் எடுத்தோம். காலிப்பர் உடம்பு கல்லு மாதிரி. பேட் அதோட குழிக்குள்ள கிட்டத்தட்ட அரை மி.மீ. போய் வந்துச்சு. கூடவே, ஃபிரேமில் வெல்டு பண்ணின காலிப்பர் காது லேசா வளையுது. சன்னமான பின் குழாய் மேல ஒட்டின தகடுதானே, 388 கிலோவுக்கு அது என்ன பண்ணும் பாவம்.

ஆக, 200 பவுண்டு காலிப்பர் அந்த ரெண்டுல காது வளையுறதைத் தொடவே தொடாது. புது பேடு குழிக்குள்ள கொஞ்சம் இறுக்கமா உட்காருது. டிஸ்க்கை 180 மி.மீ. ஆக்கினா கடிக்கிற இடம் 8 செ.மீ. ஆகும், 388 கிலோ 340 ஆகும். ஆனா அடாப்டர் உயரம் கூடினா காதுக்கு நெம்புகோலும் கூடும், ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குற கதை. அதனால மொதல்ல பேடு மட்டும் மாத்தினான். ஆட்டம் பாதிக்கு மேல போச்சு, முழுசா போகலை. மீதிக்கு ஃபிரேம்தான் மாத்தணும்.

இல்லேன்னா ரிம் பிரேக். சிரிக்காதீங்க! டிஸ்க் வந்து இத்தனை வருஷம் கழிச்சும் ட்ரையல்ஸ்காரங்க பலர் பின்னாடி மகுரா எச்எஸ்33 மாதிரி ஹைட்ராலிக் ரிம் பிரேக்கை விடாததுக்குக் காரணம் பழமைவாதம் இல்லை. ரிம் நடுவில் இருந்து 28 செ.மீ. தள்ளி இருக்கு. அதே 80 கிலோவுக்கு அங்கே 97 கிலோ போதும், நாலில் ஒரு பங்கு. ரிம்மை கிரைண்டர் வச்சு சொரசொரப்பாக்கி உராய்வையும் ஏத்திக்குவாங்க (அந்த அலறல் சத்தம் தேம்ஸுக்கு அக்கரையில கேக்கும்). என்ன, அங்கே ஃபிரேமோட பின் குழாய் ரெண்டும்தான் காலிப்பர். அது விரியாம இருக்க குதிரை லாடம் மாதிரி ஒரு தகடு மாட்டணும். நம்ம ஊர் ஹெர்குலிஸ்ல கம்பி பிரேக் இருந்துச்சே, தாத்தா சைக்கிள்ல, அது கட்டையை மேல் நோக்கி ரிம்மோட உள்பக்கம் இழுக்கும், ஃபோர்க்கை விரிக்கவே விரிக்காது. மழையில பிடிக்காதுங்கிறது வேற கதை.

தம்பிகிட்ட இந்த ரிம் பிரேக் கதையையும் சொல்லியிருக்கேன். அவன் ஃபிரேமில் அதை மாட்ட நாலு போல்ட் இடம் ஏற்கெனவே இருக்கு. காசு இன்னும் கையில்தான் வச்சிருக்கான். அவங்க அப்பாகிட்ட பேசச் சொல்லி என்னைத்தான் அனுப்பப் பார்க்கிறான்.

பி.கு: பேட் ஆடுதுன்னு குழிக்குள்ள தகரம், டேப்னு எதையாவது திணிக்கிற பழக்கம் சிலர்கிட்ட இருக்கு. செய்றதா இருந்தா ஒண்ணு பார்த்துக்குங்க: லீவரை விட்டதும் பேட் தானா பின்னாடி வரணும். சிக்கிக்கிட்டா அடுத்த தாவலில் சக்கரம் விடாது, ஆள்தான் பறப்பார்.