கால்குலேட்டரில் நகரும் ஒரு எக்ஸ்

அமெரிக்கப் பள்ளியில் கணக்கு வகுப்பு நடக்கும்போது பின்வரிசைப் பையன் ஒருவன் கால்குலேட்டரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தால், அவன் கணக்குப் போடுகிறான் என்று யாரும் நம்பமாட்டார்கள். விளையாடுகிறான், வாங்கி வை! அவ்வளவுதான் தீர்ப்பு. ஆனால் அவன் விளையாடவில்லை, விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறான் என்றால்? அந்த நேரத்தில் நிஜமாகவே கணக்குப் போடுகிறவன் அவன்தான்.

1999-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட டிஐ-83 பிளஸ் கால்குலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 96-க்கு 64 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை. எழுத்தாகப் போட்டால் 8 வரிசை, வரிசைக்கு 16 கட்டம். டிஐ-பேசிக் என்ற எளிய மொழியில் அதிலேயே புரோகிராம் எழுதலாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஒரு எக்ஸை நகர்த்துவது எப்படி? ஏ-யில் வரிசை எண், பி-யில் கட்ட எண். அவுட்புட் கட்டளை அந்த இடத்தில் எக்ஸைப் போடும். கெட்கீ கட்டளை, அமுக்கிய பொத்தானை எண்ணாகச் சொல்லும். இடது 24, மேல் 25, வலது 26, கீழ் 34. 26 வந்தால் பி-யோடு 1 கூட்டு, 24 வந்தால் 1 கழி. மேல், கீழ் பொத்தான்களுக்கு ஏ-யில் இதே வேலை. மறுபடி முதலிலிருந்து.

ஓட்டிப் பார்த்தால்தான் வேடிக்கை. எக்ஸ் போன வழியெல்லாம் வால் மாதிரி எக்ஸாகவே நிற்கும்! பழைய கட்டத்தில் ஒரு காலி இடத்தை எழுதி அழிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். அடுத்து, பி 17 ஆனதும் 'டொமைன்' பிழை என்று புரோகிராம் நின்றுவிடும். பாடப்புத்தகத்தில் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த அதே டொமைன்தான். பி 16-க்குக் குறைவாக இருந்தால் மட்டும் கூட்டு என்று ஒரு நிபந்தனை போட்டதும் எக்ஸ் சுவரில் முட்டி நிற்கும். ஆயத்தொலைவு, மாறி, எல்லை மூன்றும் ஒரே நாளில் புரிந்துவிடும்.

"இதில் சூத்திரங்களை எழுதி வைத்துக் காப்பியடிப்பார்களே?" நியாயமான கேள்விதான். தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான் 2020-ல் அந்த நிறுவனம் டிஐ-84 பிளஸ் சிஇ கால்குலேட்டரின் புது மென்பொருளில் அசெம்ப்ளி, சி புரோகிராம்களுக்குக் கதவைச் சாத்தியது. வேகமான விளையாட்டுகள் பெரும்பாலும் அவற்றில் எழுதப்பட்டவை. டிஐ-பேசிக் மட்டும் தப்பியது.

இது சரியான வைத்தியமா? தேர்வு சில மணி நேரம். கால்குலேட்டர் மாணவனிடம் இருப்பதோ பல வருடம். காசு கொடுத்து வாங்கியவனும் அவன்தான். சந்தேகம் இருந்தால் தேர்வு அறையில் பள்ளியே தன் கால்குலேட்டரைக் கொடுக்கட்டும். சில மணி நேரக் காவலுக்காக மற்ற நாளெல்லாம் பூட்டுவது அநியாயம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கால்குலேட்டரைப் பிடுங்குவதற்கு முன்னால், "எக்ஸ் சுவரைத் தாண்டாமல் எப்படி நிறுத்தினாய்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மதிப்பெண் போடுங்கள். வராவிட்டால் தாராளமாகப் பிடுங்கலாம்!