மாலை கட்டும் கைக்கும் அருங்காட்சியகத்தில் இடம் வேண்டும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு செட்டிநாட்டு வாசற்கால் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதில் சுமார் 5,000 நுண்சிற்பங்கள் உண்டு. அண்ணாந்து பார்த்து வியக்கலாம். ஆனால் அதைச் செதுக்கிய ஆசாரி உளியை எப்படிச் சாய்த்துப் பிடித்தார், எந்த வயதில் யாரிடம் தொழில் பழகினார் என்பதெல்லாம் மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அதே தெருவில் பூக்கடைகள். அங்கே ஒரு கைவினை இன்றும் கண்ணெதிரே நடக்கிறது. மாலை கட்டுபவர்களை உரிய சம்பளத்தோடு நிலையத்துக்குள் அமர்த்தி, பிறருக்கு அதைக் கற்றுத்தரச் செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

பூக்கட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் கட்டுபவரின் விரல்களைக் கவனித்ததில்லை. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு எனக் காம்புகளைச் சேர்த்துப் பிடித்து, நாரைச் சுற்றி, விரலாலேயே முடிச்சிட்டு இழுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்ந்தால் சரம் கூந்தலில் ஏறுமுன்பே பூ உதிரும். சாயங்காலம் மலரப்போகும் மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே கட்டி முடித்தாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத் தோவாளையில் பூவை மடித்து மாணிக்கம் பதித்ததுபோல் கட்டும் மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சிங்கப்பூரிலும் தேசிய மரபுடைமைக் கழகம் 2018இல் தொடங்கிய தொட்டுணர முடியாத மரபுடைமைப் பட்டியலில் பூமாலை கட்டுதல் இடம்பெற்றிருக்கிறது. பட்டியல் நல்லதுதான், ஆனால் அதைப் படித்து யாரும் முடிச்சுப் போடப் பழக முடியாது.

ஒரு நாளில் வாடும் பொருளுக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். அங்கே பழைய மரம் போய்விடுகிறது, தச்சுக்கலை தலைமுறை தாண்டி நிற்கிறது. பூவுக்கும் அதே நியாயம் பொருந்தும். இன்னொரு மறுப்பு கனமானது: உழைப்பாளிகளைச் சுற்றுலாப் பயணிகளின் வேடிக்கைப் பொருளாக உட்கார வைப்பது அவமதிப்பு அல்லவா? வெறும் படப்பிடிப்புக்காக என்றால் அவமதிப்பேதான். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கைவினைஞர்கள் பார்வையாளர் முன் வேலை செய்கிறார்கள், செய்த பொருளை அங்கேயே விற்கவும் செய்கிறார்கள். மதிப்பும் வருமானமும் சேரும்போது அந்த இருக்கையின் பொருளே மாறிவிடுகிறது. மாலை கட்டுபவர்களையும் ஆசிரியர் என்றே அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் தர வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு நியாயமான கவலை உண்டு. தீபாவளி, பொங்கல், தைப்பூச நாள்களில் ஓர் ஆளைக்கூட அவர்களால் விட முடியாது. அந்த நாள்களில் வகுப்பு வைக்கவே கூடாது. வியாபாரம் மந்தமாகும் நாள்களாகப் பார்த்து நேரம் ஒதுக்கி, கடைக்கு ஏற்படும் இழப்பையும் நிலையமே ஈடுசெய்யலாம். முதலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் தொடரும் வகுப்பாகத் தொடங்கட்டும். அரைமணி நேரப் பயிலரங்கில் எந்தக் கையும் பழகாது.