முதல்வரின் 19 கார்கள் ஏன் நின்றன? எரிபொருளில் தண்ணீர் கலந்தால் இன்ஜினுக்கு என்ன ஆகும்?

2025 ஜூன் 26, வியாழக்கிழமை இரவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் மறுநாள் நடக்கவிருந்த தொழில் மாநாட்டுக்கு முதல்வர் மோகன் யாதவ் வருவதாக இருந்தது. அவருடைய கான்வாய்க்காக வந்திருந்த கார்கள், ஊருக்கு வெளியே தோசிகாவ் பகுதியில் இருந்த ஒரு பங்க்கில் டீசல் போட்டன. கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றுவிட்டன. மொத்தம் 19 கார்கள். சிலவற்றைத் தள்ளித்தான் ஓரங்கட்ட வேண்டியிருந்தது.

அங்கேயே டீசல் டேங்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். 20 லிட்டர் டீசல் போட்ட காரில் 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அதே பங்க்கில் டீசல் போட்ட லாரி ஒன்றும் நின்றுபோயிருந்தது. மழைநீர் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்திருக்கலாம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அதிகாரிகள் பங்க்குக்கு சீல் வைத்தார்கள். முதல்வருக்கு இந்தூரிலிருந்து வேறு கார்கள் வந்தன.

சரி, அன்றிரவு அங்கே டீசல் போட்டது முதல்வரின் கான்வாய் அல்ல, நீங்கள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும், உங்கள் வண்டிதான் பிரச்சினை என்று சொல்லியிருப்பார்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

பங்க்கில் பெட்ரோலும் டீசலும் தரைக்கு அடியில் பதித்த தொட்டிகளில் இருக்கின்றன. லாரியிலிருந்து எரிபொருள் இறக்கும் வாயும் தரை மட்டத்தில் ஒரு சின்ன குழிக்குள்தான் இருக்கும். மழை பெய்து அந்தக் குழி நிரம்பி, மூடியின் வாஷரும் தேய்ந்திருந்தால் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கும். பழைய தொட்டியில் துரு ஓட்டை, பைப் இணைப்பில் விரிசல் என வேறு வழிகளும் உண்டு. அக்டோபர் பிறந்தால் சென்னையிலும் கடலூரிலும் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதே, அந்த ரோட்டோரத்தில்தான் இந்தத் தொட்டிகளும் இருக்கின்றன.

டீசலைவிடவும் பெட்ரோலைவிடவும் தண்ணீர் கனமானது. அதனால் அடியில் போய்த் தங்கிவிடும். பங்க்கின் குழாய் தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலிருந்துதான் எரிபொருளை உறிஞ்சும் என்பதால், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் உடனே வெளியே வராது. மட்டம் ஏறிவிட்டாலோ, புதிய லோடு இறக்கும்போது கலங்கினாலோதான் நம் வண்டிக்கு வரும். லாரி லோடு இறக்கிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் போடாதே என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

டீசல் இன்ஜினுக்குத்தான் பெரிய அடி

இன்றைய டீசல் கார்களில் இருப்பது காமன் ரெயில் அமைப்பு. டீசலை 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தி, மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பீய்ச்சி அடிப்பார்கள். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார்தான். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஹை பிரஷர் பம்ப்புக்குள் ஒன்றோடொன்று உரசி ஓடும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான். அவற்றுக்குத் தனியாக ஆயில் கிடையாது. டீசலேதான் அங்கே மசகு எண்ணெய்.

அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் வழுக்கல் போய்விடும். உலோகமும் உலோகமும் நேரடியாக உரசும். உரசினால் நுண்ணிய உலோகத் துகள்கள் உதிரும். அந்தத் துகள்கள் பம்ப்போடு நிற்பதில்லை. ரெயில் வழியாக நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போய், அங்கிருந்து திரும்பும் லைன் வழியாக டேங்குக்கே வந்து சேரும். பம்ப்பை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதை. டேங்க், லைன், ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ சொல்வது இதனால்தான். எல்லா நேரமும் அது ஒர்க்‌ஷாப்காரரின் பேராசை அல்ல. இன்ஜெக்டரின் நுனிக்கும் ஆபத்து உண்டு. அங்கிருக்கும் வெப்பத்தில் தண்ணீர் சட்டென்று ஆவியாக விரிந்து நுனியை அரித்துவிடும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரைப் பிரித்துத் தேக்கிவைக்க ஓர் இடம் உண்டு. பல கார்களில் அது நிறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். காற்றின் ஈரத்தால் மாதக்கணக்கில் சேரும் சில சொட்டுகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. 10 லிட்டரை அது என்ன செய்யும்?

பெட்ரோல் காரில் கதை வேறு, காரணம் எத்தனால்

முன்பெல்லாம் பெட்ரோலோடு தண்ணீர் கலக்கவே கலக்காது. தனியாக அடியில் நிற்கும், பார்த்தால் தெரியும். இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீரை ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் தண்ணீர் வந்தால் அதைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அதுவரை பிரச்சினையும் இல்லை, வெளியேயும் தெரியாது.

அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 5 மில்லி தண்ணீரைத் தாங்கும். அதாவது ஒரு டீஸ்பூன். இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், வெப்பம் கூடினாலும் தாங்கும் அளவு கூடும். எல்லை தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அப்போது டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும், மேலே எத்தனால் இழந்து ஆக்டேன் குறைந்த பெட்ரோல்.

காரின் ஃபியூயல் பம்ப் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. முதலில் இழுப்பதே அந்த அடிக் கலவையைத்தான். வண்டி குலுங்கும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் இழுக்காது, மிஸ்ஃபயர் ஆகும், நின்றுவிடும். மிஸ்ஃபயரோடு தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிப்போகலாம். பெட்ரோல் வண்டியில் டேங்கைச் சுத்தம் செய்து, ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். ‘எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்துடலாம்’ என்று ஓட்டுவதுதான் செலவை ஏற்றுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இ20 என்பதே கலப்படம் அல்ல. அதற்காக வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் பற்றிய விவாதமும் இருக்கிறது. அவையெல்லாம் தனிப் பிரச்சினைகள். பெட்ரோல் போட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் வண்டி நின்றால் அதற்கு இ20 மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எத்தனால் வந்த பிறகு, பங்க்குகள் தண்ணீர் விஷயத்தில் முன்பைவிடப் பல மடங்கு கவனமாக இருந்தாக வேண்டும் என்பது உண்மை.

ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் இதைப் பிடிக்குமா?

பிடிக்காது. நாம் அதிகம் பேசாத விஷயம் இது.

பங்க்கில் யார் கேட்டாலும் ஃபில்டர் பேப்பர் தர வேண்டும். நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு பெட்ரோலை அதில் விட்டால், இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் மண்ணெண்ணெய் போல ஏதோ கலந்திருக்கிறது. ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகவும் பெட்ரோல் விலை அதிகமாகவும் இருந்த காலத்துக் கலப்படத்தைப் பிடிக்க வந்த சோதனை அது. அந்தக் கலப்படம் உயிரைக் குடிக்கும் வியாபாரமாக இருந்தது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் பங்க்குகளைச் சோதித்த இளம் எண்ணெய் நிறுவன அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் பேப்பரில் ஒரு சொட்டு பெட்ரோலை விட்டு அதில் கரைந்திருக்கும் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாது. 5 லிட்டர் அளவுக் குடுவையும் அப்படித்தான். அளவு சரியா என்று காட்டும், தரத்தைக் காட்டாது. அடர்த்திச் சோதனை ஓரளவு உதவும். காலையில் பதிவான அடர்த்திக்கும் இப்போதைய அளவுக்கும் 3 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் ஹைட்ரோமீட்டர் கேட்டு நிற்கப் போகிறார்கள்?

தண்ணீருக்கான உண்மையான சோதனை பங்க்காரர் கையில் இருக்கிறது. அளவுகோலில் நிறம் மாறும் பசை தடவித் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதற்கேற்ற பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். மழை நாளில் அதைத் தவறாமல் செய்தார்களா என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் ஏற்பாடு எதுவும் பங்க் முகப்பில் இல்லை. என்னைக் கேட்டால், அடர்த்தியைப் பதிவு செய்வது போல இதையும் போர்டில் எழுத வைப்பது பெரிய காரியமே இல்லை.

வண்டி நின்றுவிட்டால்?

முதலில், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை இன்னும் உள்ளே இழுக்கிறீர்கள். டீசல் கார் என்றால் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆதாரம். ரத்லாமில் ஒரே இரவில் நடவடிக்கை பாய்ந்ததற்கு முதல்வரின் பதவி ஒரு காரணம். இன்னொரு காரணம், 19 வண்டிகள் ஒன்றாக நின்றதும், அங்கேயே டேங்கைத் திறந்து தண்ணீரை எல்லோர் கண்ணிலும் காட்டியதும். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. வாரன்டியில் போகலாம் என்றால், கலப்பட எரிபொருளால் வந்த பழுதைப் பொதுவாக நிறுவனங்கள் ஏற்பதில்லை. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியும் இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. மிஞ்சுவது பங்க்கும் எண்ணெய் நிறுவனமும்தான். அவர்கள் முதலில் கேட்பது, எங்கள் பெட்ரோல்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதே.

அதனால் பில் வாங்காமல் பெட்ரோல் போடும் பழக்கத்தை விடுங்கள். யுபிஐ மெசேஜில் தொகை மட்டும்தான் இருக்கும், என்ன போட்டீர்கள், எத்தனை லிட்டர் என்பது இருக்காது. டேங்கிலிருந்து இறக்கிய எரிபொருளை மெக்கானிக் கீழே கொட்டிவிடுவதற்கு முன், எரிபொருளுக்கேற்ற கேனில் பிடித்து சீல் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, நெருப்பு அண்டாத இடத்தில் பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரியும். அதை வீடியோ எடுங்கள். ஜாப் கார்டில் ‘எரிபொருளில் தண்ணீர்’ என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எங்கேயும் செல்லாது.

அன்றைக்கே பங்க்குக்குத் திரும்பிப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். அங்கே போர்டில் எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண் இருக்கும். அவருக்குத் தகவல் சொல்லி, பங்க் தொட்டியில் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் புது லோடு இறங்கி, பழைய பெட்ரோல் வேறு யார் வண்டியிலோ ஓடிக்கொண்டிருக்கும். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.