எத்தனை புள்ளி போட்டான் என்று மட்டும் கேட்டால் போதுமா?

பங்சாரில் மாலை வேளையில் ஏதாவது ஒரு கூடைப்பந்துத் திடலோரம் நின்று பாருங்கள். ஆட்டம் முடிந்த பிறகு வந்து சேரும் நண்பன் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை புள்ளி போட்டே?” என்பதுதான். பள்ளி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நேரத்திலும் பல சமயம் இதே கேள்விதான் முடிவு செய்கிறது. 20 புள்ளி போட்டவர் உள்ளே, 8 புள்ளி போட்டவர் வெளியே.

இது தவறான கேள்வி அன்று, பாதிக் கேள்வி. அந்த 20 புள்ளிக்கு எத்தனை ஷாட் செலவானது? அவர் காவல் காத்த எதிரணி ஆட்டக்காரர் எத்தனை புள்ளி போட்டார்? மீதிப் பாதியைக் கேட்காமல் ஒரு 16 வயது மாணவரை அணியிலிருந்து நீக்குவது சின்ன விஷயமல்ல. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. பள்ளி அளவில் ஆடினாரா, மாவட்டமா, மாநிலமா என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி மாறும். முதல் படியிலேயே கணக்கு தவறினால் மேலே உள்ள படிகள் அவருக்கு இல்லை.

குறிப்பாக, கார்ட் இடத்தில் ஆடுபவர்களுக்கு இந்த அநியாயம் அதிகம் நடக்கிறது. பந்தை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் அவர். பந்து அவர் கையிலேயே இருப்பதால் விரும்பினால் எத்தனை ஷாட் வேண்டுமானாலும் போடலாம். புள்ளி தானாகச் சேரும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் மாணவி 22 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ எடுத்து 20 புள்ளி போடுகிறார். இரண்டாம் மாணவி 9 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ எடுத்து 14 புள்ளி. கைதட்டல் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முதல்வர் 13 வாய்ப்புகளைக் கூடுதலாகப் பயன்படுத்தி, 6 புள்ளிகளைத்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த 13 வாய்ப்பும் அணியின் பொதுச் சொத்து.

இதை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். வந்ததை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் மொத்தப் புள்ளியை வகுத்துவிடுங்கள். முதல் மாணவிக்கு 42 விழுக்காடு, இரண்டாமவருக்கு 65 விழுக்காடு. ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், சில நேரம் கூடை விழுந்த பிறகு ஒன்று மட்டும் வரும். அதனால்தான் ஒரு ஃப்ரீ த்ரோவை அரை வாய்ப்புக்கும் சற்றுக் குறைவாக, 0.44 என்று வைத்திருக்கிறார்கள். படிவம் 1 மாணவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

வெறும் ‘எத்தனை ஷாட்டில் எத்தனை விழுந்தது’ என்ற பழைய விழுக்காடு போதாது. 10 மூன்று புள்ளி ஷாட்டில் 3 விழுந்தால் 9 புள்ளி. 10 இரண்டு புள்ளி ஷாட்டில் 4 விழுந்தால் 8 புள்ளிதான். பழைய கணக்கில் 30 விழுக்காடு பெற்றவர் ‘மோசம்’, 40 பெற்றவர் ‘பரவாயில்லை’. கூடுதல் புள்ளி கொடுத்ததோ ‘மோசமானவர்’.

நமக்குக் காலை வேளையில் நேரலையாக வரும் என்.பி.ஏ. ஆட்டங்களிலிருந்து ஓர் இளம் கார்டை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்காக ஆடிய டிரே யங், 2019-20 பருவத்தில் 21 வயதுக்காரர். அவர் போட்ட ஷாட்டில் 43.7 விழுக்காடுதான் விழுந்தது. “கண்டபடி போடுகிறார்” என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.8 ஷாட், 9.3 ஃப்ரீ த்ரோ, 29.6 புள்ளி. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 59.5 விழுக்காடு வரும். அந்தப் பருவத்தில் லீக்கின் சராசரி ஏறக்குறைய 56.5. குறை சொன்னவர்கள் அவருடைய மூன்று புள்ளிகளையும் ஃப்ரீ த்ரோக்களையும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, அப்படியானால் அவர் அப்பழுக்கற்ற ஆட்டக்காரரா? அதே பருவத்தில் ஹாக்ஸ் 67 ஆட்டங்களில் 47-இல் தோற்றது. தற்காப்பை அளக்கும் பல கணக்குகளில் டிரே யங் லீக்கின் கடைசி வரிசையில் இருந்தார். உயரம் சுமார் 185 சென்டிமீட்டர், ஒல்லியான உடல். எதிரணிகள் அவரைத் தேடிப்பிடித்து அவர் பக்கமாகவே தாக்கின. ஒரு முனையில் அவர் கொடுத்ததில் ஒரு பகுதியை மறுமுனையில் அவரே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புள்ளி போடும் திறனை எண்ணால் பிடிப்பது எளிது. தற்காப்பு அப்படிப் பிடிபடாது. நாம் வழக்கமாகப் பார்ப்பது ‘ஸ்டீல்’ என்கிற பந்துப் பறிப்பு. 2000-01 பருவத்தில் பிலடெல்பியாவின் ஆலன் ஐவர்சன், ஆட்டத்துக்கு 2.5 ஸ்டீல் எடுத்து லீக்கிலேயே முதலிடம். அவ்வளவு பறித்தும், என்.பி.ஏ. ஆண்டுதோறும் அறிவிக்கும் சிறந்த தற்காப்பு அணிகளில் அவர் பெயர் ஒரு முறைகூட இடம்பெறவில்லை. பறிக்கப் பாய்ந்து தவறவிட்டால் எதிரி நேரே கூடைக்கு ஓடுவான். அந்த இழப்பை எழுத ஸ்கோர் ஷீட்டில் பத்தியே கிடையாது. மாறாக, 2022-இல் ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வாங்கிய பாஸ்டனின் மார்கஸ் ஸ்மார்ட் எடுத்தது ஆட்டத்துக்கு 1.7 ஸ்டீல்தான். 1996-இல் கேரி பேட்டன் வாங்கிய பிறகு 26 ஆண்டுகள் எந்தக் கார்டுக்கும் அந்த விருது கிடைத்திருக்கவில்லை. தன்னைவிட உயரமானவரையும் மறித்து நிற்பது, சக ஆட்டக்காரர்களைச் சத்தம்போட்டு நகர்த்துவது, இவையெல்லாம் எண்ணில் வராமலே அவரை அங்கே கொண்டுசேர்த்தன.

ஐவர்சனைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்தால் நானும் பாதிக் கணக்குக்காரன்தான். அந்த ஆண்டு அவர் 31.1 புள்ளி போட்டார், எம்.வி.பி. விருதும் வாங்கினார். சூத்திரத்தின்படி அவருக்கு 51.8 விழுக்காடு, கிட்டத்தட்ட லீக்கின் சராசரிதான். ஆனால் அணியில் புள்ளி போட வேறு ஆளில்லை. நேரம் முடியப்போகும்போது கடைசிப் பந்து எப்போதும் அவர் கைக்கே வந்தது. அத்தனை சுமையோடு சராசரியில் நிற்பதும் ஒரு சாதனை. ஆகவே, என் கற்பனைக் கணக்கில் வந்த இரண்டாம் மாணவியிடம் 22 ஷாட் கொடுத்தால் 65 விழுக்காடு நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிச்சயம் குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் என் கட்சி.

டிரே யங் கதைக்கு ஓர் அடுத்த பாகம் உண்டு. 2020-21 பருவத்தில் அவருடைய சராசரி 25.3 புள்ளியாக இறங்கியது. அணியோ 41 ஆட்டங்களில் வென்று, கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போனது. அவர் திடீரென்று தற்காப்பில் புலியாகிவிடவில்லை. கூடைக்கு அடியில் கிளின்ட் கப்பேலா வந்து நின்றார். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் சராசரி அவருடையது. கார்டைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு இப்போது ஒரு சுவர் இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பள்ளி ஆட்டங்களில் இன்னொரு சிக்கல், ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒரு மாவட்டப் போட்டியில் நான்கைந்து ஆட்டம் கிடைத்தாலே அதிகம். உண்மையிலேயே 35 விழுக்காடு மூன்று புள்ளி போடக்கூடியவர் 10 ஷாட்டில் இரண்டோ அதற்கும் குறைவாகவோ போடும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நிகழ்தகவுப் பாடத்தில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒரு முறை. அந்த ஒரு நாளில் பயிற்றுநர் வந்து பார்த்திருந்தால் “இவனுக்குத் தூரத்து ஷாட் வராது” என்று முத்திரை குத்திவிட்டுப் போயிருப்பார். இந்த முத்திரை விழுந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேரோ.

செலவு ஒன்றுமில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஷாட், மூன்று புள்ளி ஷாட், ஃப்ரீ த்ரோ, பந்தை இழந்தது ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் அவர் காவல் காத்தவர் எத்தனை ஷாட் எடுத்தார், எத்தனை விழுந்தது, ஷாட் எடுக்க முடியாமல் எத்தனை முறை பந்தை வேறொருவருக்குத் தள்ளிவிட்டார் என்று எழுதட்டும். கடைசிப் பத்தியை நிரப்புவதுதான் கடினம், பந்தை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கும். பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்து ஒரு பருவம் முழுக்க எழுதினால், பத்துப் பதினைந்து ஆட்டத்துக் கணக்கு கையில் இருக்கும். அடுத்த ஆண்டுத் தேர்வு நாளில் பயிற்றுநர் “எத்தனை புள்ளி போட்டே?” என்று கேட்கும்போது, அந்த நோட்டை நீட்டலாம்.