ஊர்க்காரங்க செய்றாங்கன்னு நீங்களும் செய்யாதீங்க

தை அறுவடை முடிஞ்ச கையோட, பாங்காக்ல வேலை பார்க்கிற அக்கா மகன் கூப்பிட்டான்னு தாய்லாந்து போயிட்டு வந்தேன். நாலு நாள் இருந்தது சியாங் கான்ங்கிற சின்ன ஊர்ல. வடகிழக்குல லோய் மாகாணம். மேகாங் ஆத்தங்கரையில வரிசையா பழைய மரவீடுங்க. எதிர்க்கரை லாவோஸ். இது தெரிஞ்சதுல இருந்து சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க: "நாங்களும் போகலாமா? பாதுகாப்பா இருக்குமா?"

தாராளமா போகலாம். அமைதியான ஊர், மரியாதையான சனங்க. ஆனா கிராமத்துக்கு வர்ற பட்டணத்துக்காரங்க எல்லார்கிட்டயும் ஒரு பழக்கம் இருக்கு. எங்க ஊருக்கு வர்றவங்களும் இதைத்தான் செய்றாங்க. "ஊர்க்காரங்களே செய்றாங்களே, நமக்கு என்ன ஆயிடும்?"னு இறங்கிடறாங்க. என் அபிப்ராயம் இதுக்கு நேர் எதிர். ஊர்க்காரன் எதுக்குப் பயப்படறானோ அதுக்கு நீங்களும் பயப்படுங்க. அவன் எதுல அசட்டையா இருக்கானோ, அதுல அவனைப் பார்த்துப் பழகாதீங்க. அந்த அசட்டைக்கு அவன் ஆஸ்பத்திரியில விலை கொடுத்துக்கிட்டுதான் இருக்கான். அது உங்க கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல்ல மீனை எடுத்துக்குங்க. அந்தப் பக்கத்துல 'கோய் பிளா'ன்னு ஒரு பதார்த்தம் உண்டு. ஆத்துமீனைப் பச்சையா கொத்தி, எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுவாங்க. "மாமா, இங்க எல்லாரும் சாப்பிடறதுதான்"னான் மாப்ள. எல்லாரும் சாப்பிடறாங்க, சரி. அதனாலதான் பித்தக்குழாய்ப் புற்றுநோய் உலகத்துலயே அதிகமா வர்ற இடங்கள்ல வடகிழக்குத் தாய்லாந்து முன்னால நிக்குது. கெண்டை வகை மீனோட சதையில ஒரு தட்டைப்புழுவோட குஞ்சு இருக்கும். பச்சையா தின்னா அது நம்ம ஈரல்ல பித்தக்குழாய்க்குள்ள போய் வருஷக்கணக்கா குடியிருக்கும். இந்தப் புழு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994லேயே சொல்லிடுச்சு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா மீன் வெளுத்து, வெந்த மாதிரி தெரியும். ஆனா வேகாது, புழுவும் சாகாது. நல்லா வேகவச்சாதான் நம்பிச் சாப்பிடலாம். ஊறவச்ச மீன் 'பிளா ரா' கலந்த பப்பாளிக்காய் சாலட் வாங்கினா, அந்தச் சாறு கொதிக்க வச்சதான்னு கேட்டுக்குங்க. சுட்ட மீன், கொதிச்ச குழம்பு, ஆவி பறக்கிற ஒட்டரிசிச் சோறு, இதெல்லாம் தாராளமா சாப்பிடுங்க. ருசி ஒண்ணும் குறையாது.

அடுத்தது சேறு. இதைச் சர்க்கரை உள்ளவங்க கண்டிப்பா படிக்கணும். நம்ம சொந்தத்துல வீட்டுக்கு ஒருத்தராவது இருக்கோமே! அந்தப் பகுதி வயல் மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் ஒரு கிருமி இருக்கு. அதால வர்ற நோய்க்கு மெலியாய்டோசிஸ்னு பேரு. கால் வெடிப்பு, சின்னச் சிராய்ப்பு வழியா ஏறும். கெட்ட தண்ணியைக் குடிச்சாலும் வரும். நல்ல உடம்புக்காரங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது, சர்க்கரை இருந்தா நுரையீரலையும் ரத்தத்தையும் பிடிச்சுக்கும். வழக்கமா எழுதிக் கொடுக்கிற மாத்திரைக்கு அடங்காது. ஆஸ்பத்திரியில படுத்து ஊசி மருந்து ஏத்தணும், அதுக்கப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. மழைக்காலத்துல எலிக்காய்ச்சலும் சேர்ந்துக்கும். எங்க தெருவுலயே ஒருத்தர் நடவு நேரத்துல எலிக்காய்ச்சல் வந்து மூணு வாரம் படுத்துட்டார். நான் வெறுங்காலோட வயல்ல இறங்கறேன்னா அது என் பொழப்பு. ஊர் சுத்திப் பார்க்க வந்த உங்களுக்கு அது தேவையில்ல.

சியாங் கான்ல விடியக்காலையில பிக்குகள் வரிசையா வருவாங்க, சனங்க ஒட்டரிசி போடுவாங்க. பார்க்கவே மனசு நிறையும். செருப்பைக் கழட்டிட்டுத்தான் போடறது வழக்கம். கழட்டுங்க, மரியாதை முக்கியம். ஆனா பாயில உக்காரும்போது மட்டும் கழட்டுங்க. முடிஞ்சதும் காலைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு வாங்க. ஈரத் தெருவுல வெறுங்காலோட படம் பிடிச்சுக்கிட்டு அலையாதீங்க.

மூணாவது வண்டி. பாம்பு, தேள்னு எல்லாரும் பயப்படறாங்க, வாடகை ஸ்கூட்டரைப் பார்த்து யாரும் பயப்படறதில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2018 அறிக்கைப்படி தாய்லாந்துல வருஷத்துக்கு லட்சம் பேருக்கு சுமார் 32 பேர் ரோட்டுல செத்தாங்க. நம்ம நாட்டுக் கணக்கைவிட அது அதிகம். அதுலயும் நாலுல மூணு பேர் டூவீலர், ஆட்டோ மாதிரி வண்டியில போனவங்க. அங்கேயும் ஹெல்மெட் சட்டம் இருக்கு, உள்ளூர்ல பாதிப் பேர் போடாம போறதை நானே பார்த்தேன். நீங்க போடுங்க. இருசக்கர வண்டிக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாம ஓட்டி விழுந்தா, இன்சூரன்ஸ்காரங்க பெரும்பாலும் கையை விரிச்சிடுவாங்க. வாடகைக்கு அடமானமா பாஸ்போர்ட்டையும் கொடுத்துடாதீங்க. அந்தச் சின்ன ஊருக்குச் சைக்கிளே போதும்.

இனி ஊர்க்காரங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு பாருங்க. முதல்ல ஆறு. ஊருக்குக் கிழக்க கேங் குட் கூன்னு ஒரு பாறைத்தடம் இருக்கு. கோடையில பாறையும் மணலும் வெளிய தெரியும், இறங்கச் சொல்லி ஆசை காட்டும். படகுக்காரங்களுக்கு எங்க சுழி இருக்குன்னு தெரியும், நமக்குத் தெரியாது. மேகாங்ல மேல சீனாவுலயும், லாவோஸ்ல சயாபுரியிலயும் அணை கட்டியிருக்காங்க. மேட்டூர்ல திறந்தா கீழ என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தரணுமா? இங்க மழை இல்லாட்டியும் தண்ணி ஏறும், இறங்கும். படகுல ஏறினா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்குங்க, ஆத்துல குளிக்க இறங்காதீங்க.

அப்புறம் வெயில். அந்த ஊர் விவசாயி முழுக்கை சட்டையும் அகலத் தொப்பியும் இல்லாம வெளிய வர்றதில்ல. பட்டணத்துல இருந்து வந்தவங்கதான் அரைக்கால் டவுசரோட நிக்கறாங்க. முழுக்கை போட்டா பகல்ல கடிக்கிற டெங்கு கொசுவுக்கும் ஆச்சு. தண்ணி பாட்டில்லதான்.

புகையையும் சொல்லணும். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அந்தப் பக்கம் காடும் வயலும் எரியும். கரும்புத் தோகை, நெல் தாளு எல்லாத்தையும் கொளுத்தறாங்க. ஆள் கூலி கட்டாத விவசாயியோட கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஆஸ்துமா உள்ளவங்க அந்த மூணு மாசத்தைத் தவிர்த்துட்டு நவம்பர், டிசம்பர்ல போங்க.

நாய் கடிச்சாலோ நகம் கீறினாலோ, உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போடுங்க. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலா போலீஸுக்கு 1155. பெரிய ஆஸ்பத்திரின்னா லோய் நகரத்துக்குத்தான், சுமார் 50 கிலோமீட்டர். தினம் சாப்பிடற மாத்திரையைச் சீட்டோட கைப்பையிலயே வச்சுக்குங்க.

திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, "தாய்லாந்துல ஆத்தங்கரையில இருந்தேன், சேத்துல நடந்தேன்"னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவர் கேக்கணும்னு காத்திருக்காதீங்க. நீங்க சொல்லாட்டி அவர் சாதாரணக் காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை எழுதுவார், நாள் ஓடிடும். சர்க்கரைக்காரங்களுக்கு அந்த நாள்தான் உசுரு.