கடுங்குளிர் காத்த காடு

கனடா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளிர்தான். அந்தக் குளிரைத் துன்பமாகவே பேசிப் பழகியிருக்கிறோம். அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பைன் காடுகளுக்கோ அதுதான் காவல். காவல் தளர்ந்த பிறகே பலருக்கும் அது புரிந்தது. 1990-களின் இறுதியில் பெருகத் தொடங்கிய மலைப் பைன் வண்டு, ஓய்வதற்குள் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்துவிட்டது. மாகாணத்தில் வெட்டி விற்கத்தக்க பைன் மரங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மடிந்தன.

அரிசி மணி அளவேயுள்ள இந்த வண்டு, கோடையில் பைன் மரப்பட்டையைத் துளைத்து முட்டையிடுகிறது. புழுக்கள் உள்பட்டையைத் தின்றபடி குளிர்காலத்தை அங்கேயே கழிக்கின்றன. வண்டு சுமந்துவரும் நீலப் பூஞ்சை, மரத்தில் நீர் ஏறும் வழியை அடைக்கிறது. ஒன்றிரண்டு வண்டுகள் வந்தால் மரம் பிசினைச் சுரந்து அவற்றை வெளியே தள்ளிவிடும். நூற்றுக்கணக்கில் சில நாள்களுக்குள் வந்து மொய்த்தால்தான் மரம் தோற்கும். ஆகவே, எல்லா வண்டுகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முதிர்ச்சி அடைந்தாக வேண்டும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது, அந்தச் சமயத்தை அது கணிக்கும் விதம். பூச்சிகள் பலவும் பகலின் நீளத்தைக் கொண்டு பருவத்தை அறிகின்றன. இந்த வண்டுக்கோ வெப்பநிலையே கடிகாரம், அதுவே நாள்காட்டி. கோடை குறுகிய உயர்ந்த மலைப்பகுதிகளில் ஒரு தலைமுறை முடிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இரண்டு குளிர்காலங்களைக் கடக்க வேண்டியிருந்ததால் பெருக்கமும் மட்டுப்பட்டிருந்தது. கோடை சற்றே வெதுவெதுப்பானதும் அதே இடங்களில் ஒரே ஆண்டில் தலைமுறை முடியலாயிற்று. இத்தகைய படையெடுப்புக்குப் பழக்கப்படாத வெண்பட்டைப் பைன் மரங்கள் அங்கேதான் இருந்தன. அவற்றின் விதைகள் கரடிகளுக்கு உணவு. 2022-இல் அமெரிக்க அரசு அம்மரத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது; அதன் அழிவுக்கு ஓர் அயல் பூஞ்சை நோயும் முக்கியக் காரணம்.

குளிர்காலக் கணக்கு வேறு. இலையுதிர் காலத்தில் புழு தன் உடலில் கிளிசராலைச் சேர்த்துக்கொள்கிறது. உறையாமல் காக்கும் மருந்து அது. நடுக்குளிர்காலத்தில் அதைக் கொல்ல மைனஸ் 40 டிகிரி அளவிலான குளிர் சில நாள்களாவது நீடிக்க வேண்டும். கிளிசரால் சேரும் முன்பே கடுங்குளிர் வந்தால் அதைவிடக் குறைந்த குளிரே போதும். இவ்விரண்டும் அரிதாகிப்போனதே வினையாயிற்று.

பழி முழுவதையும் பருவநிலை மீது போட்டுவிடுவது எளிது, அது நேர்மையாகாது. காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்துக்கொண்டே இருந்ததால், ஒரே வயதுடைய முதிர்ந்த பைன்கள் மலைமலையாகச் சேர்ந்து நின்றன. விருந்தைப் பரப்பியது மனிதர்களின் வன நிர்வாகம். கதவைத் திறந்துவிட்டது வெப்பம்.

இது ஒரு மாகாணத்தின் மரவணிகச் சிக்கல் மட்டுமன்று. செத்த மரம் பாழாவதற்குள் வெட்டிவிட வேண்டுமென்று அரசு வெட்டு அளவை உயர்த்தியது. மரம் தீர்ந்ததும் ஆலைகள் மூடப்பட்டு, அவற்றை நம்பிய ஊர்கள் தவித்தன. அதைவிடப் பெரிய கணக்கு கரியமில வாயுவினுடையது. 2000 முதல் 2020 வரை இந்தப் பாதிப்பால் 27 கோடி டன் கார்பன் இழப்பு நேரும் என்று 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கார்பனை உறிஞ்சும் காடு, அதை வெளியிடும் காடாக மாறிவிட்டது. மரங்களைக் காட்டிப் புகைக்குக் கழிவு கேட்கும் அரசுகளும் நிறுவனங்களும், அந்த மரங்கள் உயிரோடு இருக்குமா என்ற கேள்விக்கும் தங்கள் ஏட்டில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பேன்.

2006-இல் வண்டுகள் காற்றில் மிதந்து, ராக்கி மலைத்தொடரைத் தாண்டிப் பெருமளவில் ஆல்பர்ட்டாவில் இறங்கின. அங்கிருந்து கிழக்கே, வண்டு அதற்குமுன் கண்டிராத ஜாக் பைன் காடுகள் தொடர்கின்றன. 2019 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் அவற்றில் பெரும்பகுதியைக் கொன்றது. எஞ்சியவை எத்தனை என்றறிய, ஆல்பர்ட்டா வனத்துறையினர் வசந்தத்தில் மரப்பட்டையை உரித்து, உயிருள்ள புழுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள்.